நூற்று நாற்பது ஓட்டைகள்

1994 அக்டோபர் 10, திங்கட்கிழமை, காலை பத்து இருபது. மேற்கே மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. கணபதிப் பகுதியில் எங்கள் பட்டறை இருந்த சந்தில் தூறல் விழுந்தும் விழாமலும் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. குடை பிடித்தால் சிரிப்பார்கள், பிடிக்காவிட்டால் சட்டை நனையும், அப்படி ஒரு வானம். வாசலில் பழைய இரும்பு வாங்கும் பாயின் பெரிய தராசு தொங்கியது. அதன் ஒரு தட்டில் எட்டடிக்கு நாலடித் தகடுகள் பத்து, ஒவ்வொன்றிலும் நூற்று நாற்பது வட்ட ஓட்டைகள். அந்தப் பத்தும் பிறகு வந்த பத்துகளும் போய்விட்டன. அந்தக் குவியலில் ஒரே ஒரு தகடு மட்டும் என் வீட்டுக் கொல்லையில் அவரைக்கொடிக்குப் பந்தலாக முப்பது வருடமாய் நிற்கிறது. தினமும் காலையில் அதைப் பார்க்கிறேன். பார்க்காமல் இருக்க முடியாதபடிதான் குளியலறை ஜன்னலை வைத்துக் கட்டியிருக்கிறார் கொத்தனார்.

அந்தப் பட்டறையில் நான் சாமான் இருப்பும் விலை மதிப்பும் பார்த்தேன். கணிதம் படித்தவன். பள்ளிக்கூட வேலை கிடைக்காமல் இரும்புக்கு வந்தவன். என்னைச் சேர்க்காமல் அங்கே ஒன்பது ஆட்கள். அவர்களுக்குத் தலைவர் ஃபோர்மேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், வெற்றிலை போடாத, பீடி குடிக்காத மனிதர். ஆனால் வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். கோபம் வந்தால் கிராம்பைக் கடிப்பார். அவ்வளவுதான் அவர் கோபம். ஆட்கள் அவரை அண்ணன் என்ற உரிமையில் 'ங்ணா' என்பார்கள். என்னை எல்லோரும் 'சார்' என்றார்கள். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை நான் அப்போது அளந்து பார்க்கவில்லை. தூரம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அளந்திருப்பேன்.

எங்கள் வேலை கிரைண்டர் மோட்டாரின் பின்பக்க மூடி. தகட்டைப் பிரஸ்ஸில் கொடுத்து ஐந்தே முக்கால் அங்குல வட்டங்களாக வெட்டுவோம். வட்டங்கள் முதலாளிக்கு. வெட்டியதுபோக மிஞ்சும் சல்லடை போன்ற தகடு ஆட்களுக்கு. இது முதலாளியின் அப்பா காலத்து வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதுமில்லை. ஒரு வருடத்து ஓட்டைத் தகடுகள் கிழக்குச் சுவரோரம் அடுக்கப்பட்டு, ஆயுத பூசைக்கு மூன்று நாள் முன்பு எடைக்குப் போகும். அந்தக் காசில் ஒன்பது வீட்டுக்கும் தீபாவளித் துணி. ஆனால் துணிக்கடைக்காரருக்கு ஆயுத பூசை வரை காத்திருக்க நேரமில்லை. நல்ல துணியெல்லாம் ஆவணியிலேயே போய்விடும். ஆகவே ஆவணிக் கடைசியில் ஃபோர்மேன் தன் பெயரில் கடனுக்குத் துணி எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிடுவார். தகடு எடை போட்டதும் கடை பாக்கி தீரும். எவ்வளவுக்குத் துணி எடுக்கலாம் என்பதற்கு அவரிடம் ஒரு அளவுகோல் இருந்தது. தகட்டு அடுக்கு ஜன்னலின் அடிக்கட்டையைத் தொட்டுவிட்டால் போன வருடத்துக் காசு உறுதி. தொடாவிட்டால் வேட்டி துண்டைக் குறைத்துக்கொள்வார்கள். பல வருடமாய் அந்த ஜன்னல் அவரை ஏமாற்றியதில்லை.

1993இல் தகட்டு விலை ஏறியது. ஆயுத பூசை கழிந்த வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். நெற்றியில் விபூதி, கையில் சாவிக் கொத்து. பேசும்போது சாவிகளை ஒவ்வொன்றாக நகர்த்துவார், எண்ணுவதுபோல.

"ஏனுங் சார், இத்தனை படிச்சிருக்கறீங்க. தகடு வாங்கியே நான் ஓட்டாண்டியாயிருவனாட்ட இருக்குது. ஒரு வழி சொல்லுங்க."

வழியை நான் கேரம் பலகையில் கண்டேன். ஆட்டம் தொடங்கும்போது சிவப்புக் காயைச் சுற்றி ஆறு காய்களை அடுக்குவோமே, ஒன்றோடொன்று நெருங்கி, நடுவில் சந்தே இல்லாததுபோல். அன்று அடுக்கியவன் ஆடாமல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவற்றைப் பிரித்து நேர்நேராக, வரிசையும் பத்தியுமாக வைத்துப் பார்த்தேன். நாலு காய்க்கு நடுவே ஒரு பெரிய சந்து. மறுபடி நெருக்கி வைத்தேன். மூன்று காய்க்கு நடுவே ஒரு சின்னச் சந்து. என் மனைவி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டு, "பலகைய எடுத்து வெக்கறீங்களா, இல்ல அதுமேலயே சோறு போட்டரட்டுங்களா?" என்றாள்.

கணக்கு எளியது. எட்டாம் வகுப்புப் பையனுக்குப் புரியும். வெட்டுக்கும் வெட்டுக்கும் கால் அங்குலம் விடவேண்டும். அதனால் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஆறங்குலச் சதுரம் ஒன்றை ஒதுக்கிவந்தோம். சதுரத்தின் பரப்பு முப்பத்தாறு சதுர அங்குலம். ஐந்தே முக்கால் அங்குல வட்டத்தின் பரப்பு, ஆரத்தை ஆரத்தால் பெருக்கி அதைப் பை (π) மதிப்பால் பெருக்கினால், இருபத்தாறு. ஆக வட்டம் ஒன்றுக்குப் பத்து சதுர அங்குலம் மிச்சம். தகட்டின் நீளத்தில் பதினாறு, அகலத்தில் எட்டு, மொத்தம் நூற்று இருபத்தெட்டு வட்டம். கழிவு ஆயிரத்து இருநூற்று எண்பது சதுர அங்குலம். இப்போது வட்டங்களைக் கேரம் காய்போல் நெருக்குங்கள். இரண்டாம் வரிசை முதல் வரிசையின் பள்ளங்களுக்குள் இறங்கிவிடும். அடுத்தடுத்த மூன்று வட்டங்களின் மையங்களைச் சேர்த்தால் ஆறங்குலச் சமபக்க முக்கோணம் வரும். அதன் உயரம் ஆறு அல்ல, ஐந்தே கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. அடிப்பக்கத்தில் பாதியை உயரத்தால் பெருக்கினால் பதினைந்தரைச் சொச்சம். அதில் அரை வட்டம் அடங்குகிறது, பதின்மூன்று. மிச்சம் இரண்டரைச் சொச்சம், வட்டம் ஒன்றுக்கு ஐந்து சொச்சம். வரிசைக்கு வரிசை முக்கால் அங்குலம் மீந்து, எட்டு வரிசை நின்ற இடத்தில் ஒன்பதாவது வரிசை நிற்கும். பதினாறும் பதினைந்துமாக மாறி மாறி, மொத்தம் நூற்று நாற்பது. தகடு ஒன்றுக்குப் பன்னிரண்டு வட்டம் சும்மா. ஓரங்களையும் சேர்த்துக் கழிவு தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு.

இதையெல்லாம் நான் ரகசியமாகச் செய்யவில்லை. பட்டறைக் கரும்பலகையில், ஒன்பது பேர் கண் முன்னால், சதுரமும் வட்டமும் முக்கோணமும் வரைந்து விளக்கினேன். கீழே கொட்டை எழுத்தில் 'கழிவு 1280, இனி 968' என்று எழுதிக் கோடும் போட்டேன். அந்தக் கோடு மறுவருடம் வரை அழியாமல் அங்கேயே இருந்தது. நான் மறைத்தேன் என்று பிறகு பேசினார்களே, அவர்களுக்காகச் சொல்கிறேன். எழுதி வைத்தேன். படிக்காததற்கு நான் என்ன செய்ய?

ஃபோர்மேன் பலகையை வெகுநேரம் பார்த்தார். "தேன்கூடாட்டம் இருக்குதுங் சார்," என்றார். அவர் சொன்னது அது மட்டும்தான். மறுநாளே பிரஸ்ஸில் தகட்டை நிறுத்தும் பழைய தடுப்புக் கட்டைகளைக் கழற்றி, வரிசை மாறி மாறி இறங்குகிற மாதிரிப் புதிய கட்டைகளைத் தன் கையாலேயே அரம் போட்டு ராவிப் பொருத்தினார். முதல் தகடு வெளியே வந்ததும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சுவரெல்லாம் வெளிச்ச வட்டங்கள். "உங்க ஊட்டு அவரைக்கு ஒரு பந்தல் வேணுமின்னு சொன்னீங்களே, இதாட்டம் ஒண்ணு இருந்தா நல்லாருக்குமுங்க," என்றார். எப்போதோ டீ குடிக்கையில் நான் சொன்னதை நினைவு வைத்திருந்தார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். தை பிறந்ததும் முதலாளி என் சம்பளத்தில் ஐம்பது ரூபாய் கூட்டினார். நாளுக்கு ஒரு தகடு, வருடத்துக்கு முந்நூறு தகடு, தகடு ஒன்றுக்குப் பன்னிரண்டு மூடி என்றால் மூவாயிரத்து அறுநூறு மூடி. அதற்கு மாதம் ஐம்பது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

வருடம் ஓடியது. கிழக்குச் சுவரோரம் தகடுகள் ஏறின. இங்கேதான் பாருங்கள், விஷயம் இருக்கிறது. தகடு ஒன்று உள்ளே போனால் ஓட்டைத் தகடு ஒன்று வெளியே வரும். அதன் நீளம் அதேதான், அகலம் அதேதான், தடிமனும் அதேதான். நூற்று இருபத்தெட்டு ஓட்டை இருந்தாலும் நூற்று நாற்பது இருந்தாலும் அடுக்கின் உயரம் ஒரு நூல்கூடக் குறையாது. ஆவணி கடைசியில் அடுக்கு ஜன்னல் கட்டையைத் தொட்டது. ஃபோர்மேன் உள்ளங்கையைக் கட்டைமேல் வைத்துப் பார்த்தார், தகட்டின்மேல் வைத்துப் பார்த்தார். "போன வருசத்தாட்டமேதானுங்க," என்று ஆட்களிடம் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒப்பணக்கார வீதிக்குப் போய் ஒன்பது வீட்டுக்கும் பதினோராயிரத்து எழுநூறு ரூபாய்க்குத் துணி எடுத்துவந்தார். பிரஸ் ஓட்டுகிறவன் வீட்டில் அந்த வருடம்தான் முதன்முதலாகப் பட்டுப்பாவாடை எடுத்தார்கள்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை. முதல் பத்துத் தகட்டை ஏற்றிவிட்டுப் பாய் படிக்கற்களை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "அம்பத்தொம்போது கிலோ," என்றார்.

"எழுவத்தெட்டுங்க பாய்," என்றார் ஃபோர்மேன் சிரித்துக்கொண்டே. "போன வருசம் பத்துக்கு எழுவத்தெட்டு. தூறல்ல கல்லு நனைஞ்சு கனத்துப் போச்சுங்களா?"

"கல்லு நனைஞ்சாத் தகடும்தானுங்களே நனையோணும்."

"அப்பத் தராசு சரியில்லீங்க."

பாய் உக்கடத்துக்காரர், பருத்த மனிதர். தகடுகளை இறக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "காலையிலதானுங்க மண்டியில எடை பார்த்துட்டு வந்தேன். எம்பத்தொண்ணு. போடுங்க கல்லை." கல்லைப் போட்டார்கள். எண்பத்தொன்று. பிரஸ் ஓட்டுகிறவன், "பாயையும் சேத்து எடைக்குப் போட்டா நம்ம துணிக்காசு வந்துருமுங்ணா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஃபோர்மேன் சிரிக்கவில்லை. கிராம்பைக் கடித்துவிட்டார், அந்த மணம் எனக்கு எட்டியது.

பாய் இறங்கி ஒரு தகட்டைத் தூக்கிப் பார்த்தார். ஓட்டைகளை விரலால் தடவினார். "வரிசைய மாத்திப்போட்டீங்களாட்ட இருக்குது. ஓட்டை ஜாஸ்தியாயிருச்சுங்க," என்றார். "நான் ஓட்டைக்குக் காசு தர்றதில்லீங்களே. ஓட்டையச் சுத்தி இருக்கறதுக்குத்தான் தர்றேன்."

ஒன்பது பேரும் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். முந்நூறு தகட்டுக்கும் சேர்த்து ஆயிரத்து எழுநூற்று அறுபத்துநாலு கிலோ, கிலோ ஐந்து ரூபாய் வீதம் எட்டாயிரத்து எண்ணூற்று இருபது ரூபாய் வந்தது. துணிக்கடைக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது குறைந்தது. பிரஸ் ஓட்டுகிறவன் சொன்னான், யாரையும் பார்க்காமல், தகட்டைப் பார்த்து: "வட்டம் முதலாளிக்கு. கூலி சாருக்கு. நமக்கு ஓட்டை."

நான் முதலாளியிடம் போனேன். போனேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், யாரும் சொல்லிப் போகவில்லை. ஆட்களுக்குக் குறைந்ததை நீங்கள் ஈடுகட்டவேண்டும், மூவாயிரத்து அறுநூறு மூடி உங்களுக்கு மிச்சம் என்றேன். அவர் சாவிகளை நகர்த்தினார்.

"ஓட்டைத் தகடு அவங்களுது. எங்கப்பா சொன்னதுங்க. அதுல நான் ஒரு துண்டு தொட்டனுங்களா?"

"தொடலீங்க."

"முந்நூறு தகட்டுல ஒண்ணு குறைஞ்சுதுங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னங் சார். கணக்குத் தெரிஞ்ச நீங்களே இப்படிப் பேசலாமுங்களா?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அதுதான் இன்னும் ஆறவில்லை. ஏமாற்றியிருந்தால் ஊரைக் கூட்டியிருக்கலாம். வாக்கை அப்படியே காப்பாற்றியவனை என்ன சொல்லித் திட்டுவது? அவர் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மாலை ஃபோர்மேனிடம் நானூற்று ஐம்பது ரூபாய் நீட்டினேன். தை முதல் புரட்டாசி வரை ஒன்பது மாதம், மாதம் ஐம்பது. கூட்டிக் கொடுத்ததை அப்படியே கொடுத்தேன், பைசா வைத்துக்கொள்ளவில்லை. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அது உங்க சம்பளமுங்க. அதுல போயி நாங்க துணி உடுத்தறதுங்களா? துணிக்கடையில என்ற பேருதானுங்களே இருக்குது. நான் பாத்துக்கறேன்."

"என் கணக்கில் தப்பில்லை," என்றேன்.

"யாருங் சார் தப்புன்னாங்க?"

பிறகு நடந்ததுதான் முப்பது வருடமாய் என்னைத் தூங்கவிடாதது. லாரி புறப்படும் நேரம். ஃபோர்மேன் பாயை நிறுத்தி, மேலே இருந்த ஒரு தகட்டை இறக்கச் சொன்னார். தனியாக எடை போடச் சொன்னார். ஆறு கிலோவுக்குச் சற்றே குறைவு. ஆறு என்றே வைத்தார்கள். சட்டைப் பையிலிருந்து முப்பது ரூபாயை எடுத்துப் பாயிடம் கொடுத்தார். தகட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, "சாரு ஊட்டு அவரைக்கொடிக்குங்க. போன வருசமே சொன்னேன்," என்றார். ஆட்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். பந்தலுக்குக் கொடுத்தாரா, எல்லோர் முன்னாலும் என் முகத்தில் கொடுத்தாரா? குரலில் ஒரு சுழிப்பு இல்லை, கண்ணில் ஒரு குத்தல் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் உதைப்பதையும் 'ங்க' போட்டுத்தான் உதைப்பார்கள். வெளியூர்க்காரனுக்குத்தான் அது மரியாதையாகத் தெரியும். நான் உள்ளூர்க்காரன். எனக்கும் தெரியவில்லை. வாங்காமல் விட்டால் அவமரியாதை, காசு கொடுத்தால் அதைவிட அவமரியாதை. ஆள் வைத்து வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அவர் வழக்கம்போல் தன் மொபட்டில் வரவில்லை, சைக்கிளில் வந்தார். மொபட் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆட்கள் என்னிடம் பேசுவதை நிறுத்தவில்லை. மரியாதை இன்னும் கூடியது. 'சார்' 'சாருங்க' ஆனது. டீ வந்தால் முதல் டம்ளர் எனக்கு. பட்டறையில் முதல் டம்ளர் விருந்தாளிக்குக் கொடுப்பது. பொங்கல் கழிந்ததும் ஃபோர்மேன் பெருந்துறைப் பக்கம் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். போகும்போது, "வாரேனுங் சார்," என்றார். ஊரை விட்டுப் போகிறவனும் வாரேன் என்றுதான் சொல்வான்.

நான்கு வருடம் கழித்துச் சென்னிமலையில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. தலை நரைத்திருந்தது, கிராம்பு மணம் அப்படியே. அவருடைய புதிய கம்பெனியில் ஓட்டைத் தகடு யாருக்கு என்று கேட்டேன். "கம்பெனிக்குத்தானுங்க. அங்கெல்லாம் யாருங் குடுக்கறாங்க," என்றார். ரசம் ஊற்றும்போது கேட்டுவிடவேண்டும் என்று நினைத்து, மோர் வரைக்கும் தள்ளி, கடைசியில் கேட்டேன்.

"அன்னிக்கு அந்தத் தகட்டுக்கு முப்பது ரூபாய் கொடுத்தீர்களே, ஏன் கொடுத்தீர்கள்?"

அவர் கை இலையில் நின்றது. யோசித்தார். நடிக்கிறவர் முகம் எனக்குத் தெரியும், அது நடிப்பில்லை. "எந்தத் தகடுங் சார்?" என்றார். பிறகு, "அந்த வருசம் பிரஸ்காரன் புள்ளைக்குப் பச்சைப் பாவாடை எடுத்தம் பாருங்க, அது ஞாபகமிருக்குது," என்றார். இலையை மடித்துவிட்டு எழுந்தார். மடிப்பைத் தன் பக்கமாகத்தான் மடித்தார். உறவு தொடரட்டும் என்று அர்த்தம். ஆனால் கல்யாண வீட்டில் எல்லோரும் அப்படித்தான் மடிப்பார்கள். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. பட்டறையும் இல்லை. அந்த இடத்தில் இப்போது செல்போன் கடையும் பரோட்டாக் கடையும் இருக்கின்றன. முதலாளி வீட்டு மூன்றாம் மாடி மட்டும் என் மாடியிலிருந்து தெரிகிறது.

போன வாரம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று பழைய இரும்பு கேட்டு வந்தது. ஓட்டுகிறவர் கொல்லையை எட்டிப் பார்த்து, அவரைக்கொடி காய்ந்துவிட்டதே, தகட்டைக் கொடுக்கிறீர்களா என்றார். கையளவு மின்தராசில் மாட்டிக் காட்டினார். நாலு கிலோ இருநூறு கிராம். துரு தின்றதுபோக மீதி. மழை படும் கீழ்ப்பக்கத்தில் இரண்டு வட்டங்களுக்கு நடுவே இருந்த கால் அங்குலம் அரித்துப் போய் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நூற்று நாற்பது என்று இனிச் சொல்ல முடியாது. நல்ல விலைதான் சொன்னார். தரமாட்டேன் என்றேன். அது என் தகடு இல்லை, நான் காசு கொடுத்து வாங்கவில்லை என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. கிழவனுக்குக் கிறுக்கு என்று நினைத்துப் போயிருப்பார். அவர் போன பிறகு தகட்டைப் பழையபடி சாய்த்து வைத்தேன். வெயில் வந்தது, சுவரில் வட்டங்கள் விழுந்தன. கொடுத்தவர் மறந்துவிட்ட கணக்கை நான் ஒருவன்தான் வைத்திருக்கிறேன். என் கணக்கில் தப்பு வந்ததில்லை. கடைக்குக் கட்டியது இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது, பந்தலுக்கு முப்பது. நான் போட்ட வட்டங்களுக்காக அந்த மனிதருக்கு ஆன செலவு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து ரூபாய்.